32 வயசுல தாடை அறுவை சிகிச்சை: செய்யலாமா, முதல்ல யார்கிட்ட போறது?

நொய்யல்கரை:
வணக்கம்ங்க. எனக்கு 32 வயசு, ஊர் திருப்பூர். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னாடி நிக்குது. வாயை மூடினாலும் முன்பல்லுங்க ஒண்ணோட ஒண்ணு சேராது, நடுவுல இடைவெளி. கடைசியில இருக்கிற கடைவாய்ப் பல்லுங்க மட்டும்தான் முட்டும். முழுக் கொய்யாவை முன்பல்லால கடிச்சதா எனக்கு ஞாபகமே இல்லீங்க. மெல்றதுக்கு ரொம்ப நேரம் ஆகும். ஆபீஸ்ல எல்லாரும் கை கழுவிட்டு வந்த பிறகும் நான் டப்பாவோட உட்கார்ந்திருப்பேன்.

சின்ன வயசுல கேலி பண்ணினது தனிக்கதை, அதைத் தாண்டி வந்துட்டேன். இப்ப பிரச்சினை வேற. எல்லா பாரமும் கடைவாயிலயே விழுறதால அந்தப் பல்லுங்க தேய ஆரம்பிச்சிருச்சு, ஒண்ணுல விரிசலும் இருக்கு. பார்த்த பல் டாக்டர் ஒருத்தர், கிளிப் மட்டும் போட்டா சரியாகாது, தாடை ஆபரேஷன்தான்னு சொன்னார். இன்னொருத்தர், கீழே ரெண்டு பல் எடுத்துட்டு கிளிப் போட்டு சமாளிச்சுக்கலாம்னு சொல்றார். வீட்டுல, "கல்யாணம் ஆச்சு, குழந்தை ஆச்சு, இனிமே எதுக்கு முகத்துல கத்தி வைக்கணும்?"னு கேக்கறாங்க.

இந்த வயசுல செஞ்சுக்கிட்டவங்க இருந்தா சொல்லுங்க. முதல்ல யாரைப் பார்க்கிறது? பல் எடுக்கிறதுக்கு அடுத்த வாரம் தேதி குடுத்திருக்காங்க.

வல்லநாடு:
தோழி, முதல்ல அந்தத் தேதியைத் தள்ளி வையுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

நான் முப்பதுக்குப் பக்கத்துல மேல்தாடை, கீழ்த்தாடை ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சுக்கிட்டவன். உங்களை மாதிரியேதான் எனக்கும் கீழ்த்தாடை முன்னாடி இருந்துச்சு. கிளிப் போட்ட நாள்ல இருந்து ஆபரேஷன் வரைக்கும் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த ஒரு வருஷத்தைப் பத்தி யாரும் சரியாச் சொல்றதில்லை, அதனால சொல்றேன். கிளிப் போட்டா பல் அழகாகும்னு எல்லாரும் நினைப்பாங்க. நமக்கு நேர்மாறா நடக்கும். மாசம் ஆக ஆக தாடை இன்னும் முன்னாடி தெரியும், கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ற விதம், இன்னும் மோசமாகும். சொந்தக்காரங்க பார்த்துட்டு "காசு குடுத்து கெடுத்துக்கிட்டியா"ன்னு கேப்பாங்க. அது திட்டப்படிதான் நடக்குதுன்னு உங்க வீட்டுக்காரருக்கும் அம்மாவுக்கும் முன்கூட்டியே டாக்டர் வாயாலயே சொல்ல வையுங்க. எனக்கு அது பெரிய உதவியா இருந்துச்சு.

ஆபரேஷன் முடிஞ்சு கண் முழிச்சப்போ வலியை விட அடைப்புதான் கஷ்டம். மயக்க மருந்துக் குழாயை மூக்கு வழியா விடுவாங்க, அதனால மூக்கு அடைச்சிருக்கும். மேல் கிளிப்பையும் கீழ் கிளிப்பையும் இணைச்சு ரப்பர் வளையம் மாட்டியிருக்கும். தொண்டையில ரத்தம் இறங்கியிருந்ததால முதல் ராத்திரி கறுப்பா வாந்தி வந்துச்சு. பயந்துட்டேன். நர்ஸ் தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பிடிச்சு, "இது வரும், பயப்படாதீங்க"ன்னாங்க. ரெண்டாம் நாள், மூணாம் நாள் வீக்கம் உச்சத்துக்குப் போகும், கண்ணாடி பார்க்காதீங்க. ரெண்டாவது வாரம் மனசு ரொம்ப சோர்ந்து போகும். முகமும் நம்ம முகம் மாதிரி இருக்காது, பசியும் தீராது. இது நிறைய பேருக்கு வர்றதுதான்னு தெரிஞ்சிருந்தா தாங்கிக்கலாம்.

இன்னிக்கு எனக்கு ரெண்டு பக்கமும் பல் சேருது. கரும்பு கடிக்கிறேன். கீழ் உதட்டுல இடது பக்கம் ஒரு நாணயம் அளவுக்கு இடம் இன்னும் லேசா மரத்துதான் இருக்கு. அதோட வாழப் பழகிட்டேன். ஆனா அது இருக்குங்கறதை மறைக்க மாட்டேன்.

வாய்முகப்பிரிவு:
நான் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காமல் யாருக்கும் இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல முடியாது. எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

பல் எடுக்கும் தேதியைத் தள்ளி வைக்கும்படி மேலே வல்லநாடு சொன்னது முக்கியம். அதன் காரணத்தை விளக்குகிறேன். தாடை எலும்பு பொருந்தாமல் வளரும்போது, பற்கள் தாமாகவே சாய்ந்து கொடுத்து அந்த வித்தியாசத்தைக் குறைக்கப் பார்க்கும். உங்கள் வகையில் கீழ் முன்பற்கள் உள்நோக்கியும் மேல் முன்பற்கள் வெளிநோக்கியும் சாய்ந்திருக்கும். கிளிப் மட்டும் போட்டுச் சமாளிக்கும் வழியில் இந்தச் சாய்வை இன்னும் கூட்டுவார்கள். அதற்குத்தான் கீழே பல் எடுத்து இடம் உண்டாக்குவது. அறுவைக்குத் தயார் செய்யும் வழியில் அந்தச் சாய்வை நீக்கி, பற்களை அந்தந்த எலும்பின் மேல் நேராக நிறுத்துவார்கள். இதில் பல் எடுக்க வேண்டி வந்தால் பெரும்பாலும் மேல்தாடையில்தான் எடுப்பார்கள். இரண்டு வழிகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. முதல் வழியில் கீழ்ப் பற்களை எடுத்து இடத்தை மூடிவிட்டு, பிறகு மனம் மாறி அறுவைக்கு வந்தால், மூடிய இடத்தைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும். சிலருக்கு அது முழுதாகச் சாத்தியப்படுவதில்லை. ஆகவே பல் எடுக்கும் முன்பே பல் சீரமைப்பு நிபுணரும் தாடை அறுவை நிபுணரும் ஒன்றாக உட்கார்ந்து உங்களைப் பார்க்க வேண்டும். இரண்டு துறையும் எம்.டி.எஸ். பட்டமேற்படிப்பாக இருக்கும் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கு எளிதாக வழி செய்யலாம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் இந்த இரண்டு துறைகளும் உண்டு.

வயதைப் பற்றி: எலும்பு வளர்ச்சி நின்ற பிறகுதான் செய்வோம். பெண்களுக்குப் பெரும்பாலும் 16, 17 வயதிலும் ஆண்களுக்கு 18 தாண்டியும் நிற்கும். கீழ்த்தாடை நீளும் வகையில் இன்னும் தாமதமாகலாம். 32 என்பது தாமதமே அல்ல. நாற்பதிலும் ஐம்பதிலும் செய்கிறோம்.

என்ன செய்வார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், தெரிந்தால் பயம் குறையும். மேல்தாடையை வெட்டும் கோட்டுக்கு லெ ஃபோர்ட் 1 என்று பெயர். ரெனே லெ ஃபோர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், முகம் அடிபட்டால் எலும்பு எந்தக் கோடுகளில் உடைகிறது என்று இறந்தவர்களின் தலைகளில் சோதித்து 1901-இல் எழுதினார். அவற்றில் கீழே உள்ள கோட்டில்தான் நாங்கள் திட்டமிட்டு வெட்டுகிறோம். கீழ்த்தாடையில் செய்யும் முறையை சூரிச்சில் பணியாற்றிய ஹூகோ ஒப்வெகேசர் 1957-இல் உலகறியச் செய்தார். எலும்பைக் குறுக்கே துண்டாக்காமல் நீளவாக்கில் இரண்டு தகடாகப் பிளப்பது. முன்னே பின்னே நகர்த்திய பிறகும் இரண்டு தகடுகளும் அகலமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், அதனால் எலும்பு நன்றாகச் சேரும். மேலும் கீழும் ஒரே அமர்வில் செய்வதை அவரே 1970-இல் எழுதினார். வெட்டுகள் வாய்க்குள்ளேயே இருப்பதால் பெரும்பாலும் வெளியே தழும்பு தெரியாது. முன்பு ஆறு வாரம் தாடையைக் கம்பியால் கட்டி வைப்போம். இப்போது டைட்டானியம் தகடும் திருகும் எலும்பைப் பிடித்துக்கொள்கின்றன, ரப்பர் வளையம் கடியை வழிநடத்த மட்டும்.

முன்பல் இடைவெளி இருப்பதால் உங்களுக்கு மேல்தாடையின் பின்பகுதியைச் சற்று மேலே தூக்க வேண்டி வரலாம். பின்பக்கம் தூக்கினால் கீழ்த்தாடை சுழன்று மேலே வந்து முன்னால் மூடும். கீழ்த்தாடையை மட்டும் பின்தள்ளி எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

முத்துக்குளித்துறை:
எல்லாரும் செய்யுங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு, அதனால மறுபக்கத்தையும் சொல்லிடறேன். எங்க வீட்டுல ஒருத்தங்களுக்குக் கீழ்த்தாடை மட்டும் செஞ்சாங்க. வருஷங்கள் ஆச்சு, கீழ் உதடும் முகவாயும் முழுசா உணர்வு வரலை. டீ குடிச்சா ஓரத்துல வழியறது தெரியாது, பக்கத்துல இருக்கறவங்க சொல்லணும். குழந்தைக்கு முத்தம் குடுத்தா உதட்டுல தெரியலைன்னு ஒருநாள் அழுதாங்க. கையெழுத்து வாங்கற தாள்ல இது ஒரு வரியா இருந்துச்சு. வாயைத் திறந்து யாரும் விளக்கலை.

உசிர் காக்கிற ஆபரேஷன் இல்லை இது. நல்லா யோசிச்சுச் செய்யுங்கம்மா.

வாய்முகப்பிரிவு:
நீங்கள் எழுதியது நன்று. இதை மறைத்துப் பேசுவது மருத்துவம் அல்ல.

கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஒரு குழாயில் உணர்ச்சி நரம்பு ஓடுகிறது. கீழ்ப் பற்களுக்கும் கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு கொடுப்பது அதுதான். நாங்கள் எலும்பைப் பிளக்கும் இடம் அந்தக் குழாயை ஒட்டியே இருக்கிறது. ஆகவே அறுவை முடிந்த உடனே மரத்துப்போவது அநேகமாக எல்லாருக்கும் உண்டு. வாரங்களில் தொடங்கி ஒரு வருடம் வரை மெல்ல மெல்லத் திரும்பும், எறும்பு ஊர்வது போன்ற கூச்சம் வந்தால் நல்ல அறிகுறி. ஆனால் ஒரு பகுதியினருக்கு ஓரளவு மரப்பு நிரந்தரமாகத் தங்கும். வயது கூடக்கூட அந்த வாய்ப்பு கூடும், இருபதில் இருப்பவருக்கு மீளும் அளவுக்கு நாற்பதைத் தாண்டியவருக்கு நரம்பு மீளாது. இது உணர்ச்சி நரம்பு, முகத்தை அசைக்கும் நரம்பு வேறு. உதடு கோணிப்போவது மிக அரிது.

சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரேயில் உங்கள் நரம்புக் குழாய் எலும்பின் வெளிச்சுவரை எவ்வளவு ஒட்டி ஓடுகிறது என்று பார்க்கலாம். அந்தப் படத்தைத் திரையில் காட்டி, "என் நரம்பு எங்கே இருக்கிறது, கத்தி எங்கே போகும்" என்று விளக்கச் சொல்லுங்கள். விளக்க நேரமில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

மற்ற ஆபத்துகளும் உண்டு: ரத்தக் கசிவு, தொற்று, தகட்டைப் பிறகு எடுக்க வேண்டி வருவது, தாடை ஓரளவு பழைய இடத்துக்கே நகர்வது. மேல்தாடையை நகர்த்தினால் மூக்கின் அடி சற்று அகலலாம், அதற்குத் தனியாக ஒரு தையல் போடுவோம். புகைபிடிப்பவர்கள் முன்னும் பின்னும் சில வாரமாவது நிறுத்தியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு சேர்வதும் ஈறு ஆறுவதும் கெடும்.

பாலிசிக்காரர்:
காசு விஷயம். தனியார்ல ரெண்டு தாடையும் சேர்த்து செஞ்சா செலவு லட்சக் கணக்குலதான். கிளிப் செலவு தனி. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல குறையும்.

இன்சூரன்ஸ் இருக்குன்னு நம்பி அட்மிட் ஆகிடாதீங்க. இந்தியாவுல மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள்ல பொதுவான விலக்குப் பட்டியல் ஒண்ணு இருக்கும். அதுல எட்டாவது விலக்கு அழகுக்கான சிகிச்சை, தோற்றத்தை மாத்தற சிகிச்சை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், உடம்புக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்கறதுக்கு அவசியமான சிகிச்சைக்கும் மட்டும்தான் அதுல விதிவிலக்கு. சிகிச்சை செய்யற டாக்டர் அதைச் சான்றளிக்கணும். தாடை ஆபரேஷனை இந்த விலக்குக்குள்ள தள்ளத்தான் கம்பெனி பார்க்கும். அதனால டாக்டர் கடிதத்துல மெல்ல முடியாதது, பல் தேய்மானம், விரிசல், மூச்சுப் பிரச்சினை இருந்தா அது, எல்லாம் அளவுகளோட இருக்கணும். "முகத் தோற்றம் மேம்பட"ன்னு ஒரு வரி இருந்தாலும் கதை முடிஞ்சது. சேர்றதுக்கு முன்னாடியே எழுத்துல ஒப்புதல் கேளுங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்ப அதிகபட்சம் 36 மாசம், உங்க பாலிசி எப்ப எடுத்ததுன்னு பாருங்க. ஆபீஸ் குரூப் பாலிசியா இருந்தா அதுக்குத் தனி விதிகள், எச்.ஆர்.கிட்ட முழு ஆவணத்தையும் வாங்கிப் படிங்க.

வடமராட்சி:
நான் ஜேர்மனியில இருக்கிறன். இஞ்ச 18 வயசுக்குப் பிறகு பல்லுக் கம்பி போடுறதுக்கு அரச காப்புறுதி காசு தராது. ஆனா தாடை எலும்பில பெரிய குறை இருந்து, சத்திரசிகிச்சையும் சேர்த்துச் செய்யவேணும் எண்டால் அதுக்கு மட்டும் விதிவிலக்கு. ரெண்டு நிபுணர்மாரும் சேர்ந்து திட்டம் எழுதி, காப்புறுதி ஒப்புக்கொண்ட பிறகுதான் கம்பியைத் தொடலாம். அந்தக் கடதாசி அலைச்சல் எனக்கு அப்ப எரிச்சலா இருந்தது. இப்ப விளங்குது, ரெண்டு பேரையும் ஒரே மேசையில இருத்தினது அந்த விதிதான். உங்கட ஊரில விதி இல்லாட்டியும் நீங்களே அப்பிடிக் கேட்டு வாங்குங்கோ அக்கா.

பத்தொன்பது:
அண்ணா, அக்கா, இடையில கேக்கறேன். நாக்கை மேலண்ணத்துல ஒட்டி வச்சா தாடை சரியாகும்னு வீடியோல சொல்றாங்களே? எனக்குக் கீழ்த்தாடை உள்ள போயிருக்கு. ஒரு வருஷமா செய்றேன்.

வாய்முகப்பிரிவு:
வளர்ந்து முடிந்த எலும்பை நாக்கின் அழுத்தம் நகர்த்தாது தம்பி. வீடியோக்களில் மாற்றமாகத் தெரிவதற்கு வெளிச்சம், கோணம், எடைக் குறைவு, வயது வளர்ச்சி என்று பல காரணம் இருக்கலாம். உன் வயதில் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றை எடுத்து வைத்து, ஆறு மாதம் கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிட்டால் வளர்ச்சி நின்றதா என்று தெரியும். உன்னிடம் ஒன்று கேட்கிறேன்: மெல்லவும் பேசவும் தூங்கவும் சிரமம் இருக்கிறதா, அல்லது படத்தில் பார்க்கும்போது மட்டும் உறுத்துகிறதா? இரண்டாவது என்றால் அவசரமே இல்லை. யாராவது நல்ல நிபுணரிடம் போய் உட்கார்ந்து பேசு, உன் முகத்தை நீயே தினம் அளந்து பார்ப்பதை நிறுத்து.

மலைக்கோட்டை:
எனக்கு 41. பத்தொன்பது தம்பி மாதிரி கீழ்த்தாடை உள்ள போன வகை. ரெண்டு நிபுணர்களும் சேர்ந்து பார்த்தாங்க. வித்தியாசம் நடுத்தரம், கிளிப்பாலயே கடியைச் சேர்த்துடலாம், முகவாய் மட்டும் அப்படியே இருக்கும்னாங்க. எனக்கு முகவாய் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, மெல்லணும். மேல ரெண்டு பல் எடுத்து கிளிப் போட்டேன். இப்ப நல்லா சாப்பிடறேன். ஆபரேஷன் இல்லாததும் சரியான முடிவா இருக்கலாம், எது வேணும்னு தெளிவா இருந்தா.

நொய்யல்கரை:
எல்லாருக்கும் நன்றிங்க. பல் எடுக்கிற தேதியை ரத்து பண்ணிட்டேன். முத்துக்குளித்துறை எழுதினதை வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன். அந்த முத்தம் விஷயம் ரொம்ப நேரம் மனசுல நின்னுச்சு. என் பையனுக்கு நாலு வயசு. ஆனாலும் ஒரு பக்கம் பல் விரிசல் விட்டுட்டே போறதையும் பார்த்துட்டு இருக்க முடியலை. படத்துல நரம்பு எங்க இருக்குன்னு பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்.

இன்னொண்ணு. நான் ராத்திரி பலமா குறட்டை விடறேன், நடுவுல மூச்சு நிக்கிற மாதிரி இருக்குன்னு அவர் சொல்றார். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குங்களா?

வாய்முகப்பிரிவு:
நிறைய இருக்கிறது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளினால் நாக்கும் அதோடு பின்னால் போகும், தொண்டையில் மூச்சு போகும் வழி குறுகும். ஏற்கெனவே தூக்கத்தில் மூச்சுத் தடை இருப்பவருக்கு இது ஆபத்து. அதனால்தான் உங்கள் வகைக்கு இப்போது, முடிந்தவரை மேல்தாடையை முன்னால் கொண்டுவந்து, கீழ்த்தாடையைக் குறைவாகப் பின்தள்ளுவது என்று திட்டமிடுகிறோம். இரண்டு தாடைகளையும் முன்னுக்கு நகர்த்துவது கடுமையான தூக்க மூச்சுத்தடைக்கே ஒரு சிகிச்சை. ஆகவே திட்டம் போடும் முன் ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்துவிடுங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அந்த அறிக்கை தேவை. பாலிசிக்காரர் சொன்ன கடிதத்திலும் அது சேரும்.

கல்யாணி_அம்மா:
என் மகளுக்கு 27 வயசுல செஞ்சாங்க, கூட இருந்து பார்த்துக்கிட்டது நான். சாப்பாட்டைப் பத்தி யாரும் எழுதலையே.

முதல் ரெண்டு வாரம் தண்ணி மாதிரிதான் குடுக்கணும். ஸ்பூன் உள்ள போகாது, பெரிய சிரிஞ்சோட நுனியில மெல்லிய குழாய் மாட்டிக் கன்னத்தோரமா விட்டேன். ராகிக் கூழ் நல்லா ஆற வச்சு மோர் விட்டு வடிகட்டி, பருப்புத் தண்ணியில நெய் விட்டு, கோழிச் சாறு வடிகட்டி, பால்ல புரதப் பவுடர் கலந்து, இப்படி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா. ஒரே நேரத்துல நிறையக் குடுத்தா முடியாது. கடுகு, சீரகம், தக்காளி விதை எதுவும் இருக்கக் கூடாது, தையல்ல போய் உட்கார்ந்துக்கும். உதடு மரத்து இருக்கிறதால சூடு தெரியாது, என் கையில ஊத்திப் பார்த்துட்டுத்தான் குடுப்பேன். அப்புறம் குழைஞ்ச ரசம் சாதம், இட்லியைப் பால்ல ஊற வச்சு. மெல்றதுன்னா ஆறு வாரத்துக்கு மேலதான், அதுவும் டாக்டர் சொன்ன பிறகு. எடை குறையத்தான் செய்யும், அதனால முன்னாடியே ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவு எவ்வளவு இருக்குன்னு பார்த்து, குறைவா இருந்தா கூட்டிக்கிடுங்க. ஒவ்வொரு தடவை குடிச்ச பிறகும் உப்புத் தண்ணியில அலசணும், குழந்தைங்க பிரஷ்ஷால கிளிப்பை மெதுவா தேய்க்கணும். வாந்தி கீந்தி வந்தா ரப்பரை அவசரத்துல வெட்டறதுக்கு ஒரு சின்னக் கத்தரி தலைமாட்டுலயே இருக்கட்டும்.

நாலு வயசுப் பையன் வீட்டுல இருக்கான்னா அம்மாவையோ மாமியாரையோ ஒரு மாசமாவது கூட வச்சுக்குங்க. தூக்கச் சொல்லி மேல விழுவான், தலையால முகத்துல முட்டுவான். அதுக்கு முன்கூட்டியே ஏற்பாடு பண்ணணும்.

நொய்யல்கரை:
பையன் முட்டறதை நான் யோசிக்கவே இல்லீங்கம்மா, அம்மாகிட்ட பேசிட்டேன், வர்றேன்னு சொல்லிட்டாங்க. கல்லூரி மருத்துவமனையில ரெண்டு துறையும் சேர்ந்து பார்க்கிற நாளைக் கேட்டு வாங்கியிருக்கேன். தூக்கப் பரிசோதனையும் கோயம்புத்தூர்ல பதிவு பண்ணியாச்சு. ஒரே ஒரு கேள்வி பாக்கி: கீழே ரெண்டு பக்கமும் ஞானப்பல் பாதி முளைச்சு நிக்குது. அதை ஆபரேஷன் அன்னிக்கே எடுத்துக்கலாமா?

வாய்முகப்பிரிவு:
அன்றைக்கே எடுப்பவர்களும் உண்டு. நான் பழகிய இடங்களில் குறைந்தது ஆறு மாதம் முன்பே எடுக்கச் சொல்வோம். ஞானப்பல் இருக்கும் இடத்தில்தான் எலும்பைப் பிளக்க வேண்டும். பல் எடுத்த பள்ளம் அதற்குள் எலும்பால் நிரம்பியிருந்தால் பிளவு சுத்தமாக வரும், திருகு பிடிக்கவும் நல்ல எலும்பு கிடைக்கும். முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டு, கிளிப் போடும் கட்டத்தில் எடுத்துவிட்டால் காலம் வீணாகாது. படங்களின் நகல்கள் எல்லாவற்றையும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னோர் இடத்தில் கருத்துக் கேட்கப் போனால் திரும்ப எடுக்க வேண்டியிருக்காது.